புள்ளிச் சில்லையின் துணையினங்கள்: குமரி மாவட்டப் பறவை நோக்கர்களுக்கான கேள்வி பதில்

எந்தக் குருவியைப் பற்றிய பக்கம் இது?

நெல் விளையும் காலத்தில் ஏலாக்களிலும் (வயல்வெளிகளிலும்) சானல்கரைப் புற்களிலும் கூட்டமாக இறங்கும் சின்னஞ்சிறு பழுப்புக் குருவிதான். நெல்லுக்குருவி, தினைக்குருவி என்று பொதுவாகச் சொல்லிவிடுவோம். அந்தப் பெயருக்குள் நாலைந்து இனங்கள் அடங்கிவிடும் என்பதால் இங்கே பறவை நூல்களில் உள்ள பெயரையே பயன்படுத்துகிறோம்: புள்ளிச் சில்லை. அறிவியல் பெயர் லோன்சுரா பங்க்டுலாட்டா. நீளம் 11 முதல் 12 செ.மீ. முகமும் தொண்டையும் அடர் செம்பழுப்பு, மார்பும் விலாவும் வெள்ளையில் கருப்பழுப்புச் செதில்கள், கூம்பு வடிவில் தடித்த கருஞ்சாம்பல் அலகு.

உலக அளவில் இதன் இயல்பான பரப்பு இந்தியத் துணைக்கண்டத்தில் தொடங்கி தென்சீனா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா வரை நீள்கிறது. மனிதர்கள் கொண்டுபோய் விட்டதால் ஆஸ்திரேலியா, ஹவாய், கலிபோர்னியா, மொரீஷியஸ் போன்ற இடங்களிலும் பெருகியிருக்கிறது. இவ்வளவு பரந்த இடத்தில் வாழும் பறவை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. துணையினக் கேள்வி எழுவது அதனால்தான்.

துணையினம் என்பது என்ன? கலப்பினமா?

இல்லை. ஒரே இனத்துக்குள், குறிப்பிட்ட நிலப்பகுதியில் வாழ்ந்து, நிறத்திலோ அளவிலோ மற்றப் பகுதிப் பறவைகளிலிருந்து நிலையாக வேறுபடும் கூட்டம்தான் துணையினம். இரண்டு துணையினங்கள் எல்லையில் சந்தித்தால் தாராளமாக இனப்பெருக்கம் செய்யும். இடைப்பட்ட தோற்றமுள்ள குஞ்சுகள் பிறக்கும். நிலப்பகுதி என்ற நிபந்தனையை மறந்துவிடக் கூடாது. ஒரே வயலில் ஒரே கூட்டத்தில் கொஞ்சம் வெளிறியது ஒன்று, கொஞ்சம் கருத்தது ஒன்று என்று பார்த்தால், அவை இரண்டு துணையினங்கள் அல்ல. வயதோ, இறகின் தேய்மானமோ, தனிப்பட்ட வேறுபாடோ காரணமாக இருக்கும். வலசை போகும் பறவைகளில் குளிர்காலத்தில் இரண்டு துணையினங்கள் ஒன்றாகக் கலந்து நிற்பது உண்டு. சில்லைகள் மழையையும் விளைச்சலையும் தொடர்ந்து அருகருகே இடம் மாறுமே தவிர அப்படி நெடுந்தூரம் போவதில்லை.

மொத்தம் எத்தனை துணையினங்கள்? எங்கெங்கே?

இன்று பரவலாகப் பின்பற்றப்படும் உலகப் பட்டியல்களில் 11. கீழே அடைப்புக்குறிக்குள் இருப்பது பெயரிட்ட ஆண்டு.

முதலாவது, பெயர்மூலத் துணையினமான (இனப் பெயரையே தன் பெயராகவும் கொண்ட) பங்க்டுலாட்டா. இந்தியாவின் பெரும்பகுதி, நேபாளம், இலங்கை ஆகியவை இதன் இடம். வடகிழக்கு இந்தியாவிலிருந்து மேற்கு மியான்மர் வரை சப்அண்டுலாட்டா (1874). அதற்கு வடகிழக்கே யுன்னான் பக்கம் யுன்னானென்சிஸ் (1958). தென்சீனா, தைவான், தாய்லாந்து, இந்தோசீனா எல்லாம் டோபெலா (1863). மலாய்த் தீபகற்பம், சிங்கப்பூர், சுமத்ராவில் ஃப்ரெட்டென்சிஸ் (1931). ஜாவா, பாலி வட்டாரத்தில் நிசோரியா (1830). பிலிப்பைன்சில் கபானிசி (1890). மீதி நான்கும் தீவுக்காரர்கள்: சுலாவெசியில் பார்ட்டிசெப்ஸ் (1920), பாவியான் தீவில் பவியானா (1963), சும்பாவில் சும்பே (1944), ஃபுளோரஸ், திமோர் பக்கம் பிளாசி (1912).

இந்தப் பதினொன்றையும் இரண்டு பெருங்குழுக்களாகப் பார்ப்பது வயலில் நிற்பவருக்கு அதிகம் உதவும். நம் பங்க்டுலாட்டா ஒரு குழு: வெள்ளைத் தரையில் தடித்த, கருமையான, தெளிவான கட்டங்கள். மற்றப் பத்தும் இன்னொரு குழு, இதைக் கிழக்குக் குழு என்போம்: செதில் கோடுகள் மெல்லியவை, பழுப்பு, மொத்தத்தில் கலங்கலான தோற்றம். குழுவைப் படத்திலிருந்து சொல்லலாம். கிழக்குக் குழுவுக்குள் எது என்று ஒரே ஒரு படத்தை வைத்துச் சொல்லத் துணிபவர், பெரும்பாலும் படம் எடுத்த ஊரைப் பார்த்துத்தான் சொல்கிறார்.

குமரி மாவட்டத்தில் இருப்பது எது?

பங்க்டுலாட்டா மட்டும்தான். தேரூர்க் குளக்கரையானாலும், வேம்பனூர் வயலானாலும், ஆரல்வாய்மொழிக் கணவாயின் வறண்ட புதரானாலும், மணக்குடிக் காயலோரமானாலும் இதுவே. கடல் தாண்டி இலங்கையிலும் இதே துணையினம். அடுத்த துணையினமான சப்அண்டுலாட்டாவின் எல்லை வடகிழக்கு இந்தியாவில் தொடங்குகிறது. நடுவே கிடப்பது ஏறக்குறைய முழு இந்தியா.

அப்படியானால் இங்கே துணையினம் பார்ப்பதில் என்ன பயன்?

இரண்டு பயன். ஒன்று, 'இடத்தைப் பார்த்துப் பெயர் வைப்பது' வேறு, 'பறவையைப் பார்த்துப் பெயர் வைப்பது' வேறு. இந்த மாவட்டத்தில் எடுத்த படம் என்பதாலேயே பங்க்டுலாட்டா என்று எழுதினால், அந்தப் பதிவில் புதிதாக ஒரு தகவலும் இல்லை. வரைபடத்தில் இருந்ததைத் திருப்பி எழுதியிருக்கிறோம், அவ்வளவுதான். பிறகு அதே பதிவுகளைத் தொகுத்து 'துணையினத்தின் பரப்பு இதுவரை' என்று ஒருவர் வரைபடம் போட்டால், வட்டம் சுற்றி வந்த கதையாகிவிடும். நீங்கள் கண்ட அடையாளங்களை எழுதினால்தான் அது சான்று.

இரண்டாவது பயன் மலையில் இருக்கிறது. புள்ளிச் சில்லையில் இங்கே குழப்பத்துக்கு இடமில்லை. ஆனால் அதன் உறவினர்களான வெண்முதுகுச் சில்லை, கருந்தொண்டைச் சில்லை இரண்டுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் துணையினக் கேள்வி உயிரோடு இருக்கிறது. அவற்றைக் கீழே தனியாக எடுத்துக்கொள்கிறோம். வயலில் ஆயிரக்கணக்கில் கிடைக்கும் பறவையில் கண்ணைப் பழக்கிக்கொண்டு மலைக்குப் போவது நல்லது.

எந்த அடையாளங்களை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

முதலில் வயதைத் தீர்மானியுங்கள். முழு வளர்ச்சி அடையாத பறவையை வைத்துத் துணையினம் பேசவே கூடாது. தவறுகளில் பெரும்பங்கு இந்த முதல் படியைத் தாண்டிக் குதிப்பதால் வருவது.

வயது வந்த பறவை என்றால் விலாச் செதில்களுக்கு வாருங்கள். மார்பின் நடுவைவிட விலாவில்தான் செதில் முழுமையாகத் தெரியும். ஒவ்வோர் இறகிலும் வெள்ளைப் பகுதி எவ்வளவு அகலம், அதைச் சுற்றிய கரை எவ்வளவு தடிமன், கரையின் நிறம் கருப்பழுப்பா வெறும் பழுப்பா என்று மூன்றையும் குறியுங்கள். அடுத்து முகமும் தொண்டையும்: பங்க்டுலாட்டாவில் ஆழ்ந்த செம்பழுப்பு, அது மார்புச் செதிலோடு சேருமிடம் ஓரளவு கூர்மையான கோடாகத் தெரியும்.

பிறகு பிட்டமும் மேல்வால் மறைப்பிறகுகளும். பறவை தலை கவிழ்ந்து கதிர் கொத்தும்போது இறக்கைகள் விலகி இந்தப் பகுதி ஒரு நொடி தெரியும். நம் பறவையில் வைக்கோல் மஞ்சள் சாயல். சப்அண்டுலாட்டாவில் ஆலிவ் கலந்த மஞ்சள். ஜாவா பக்கத்து நிசோரியாவில் சாம்பல் சாயல். துணையினங்களைப் பிரித்தவர்கள் மிகவும் நம்பிய பகுதி இதுதான். படத்தில் மிக எளிதாக ஏமாற்றுவதும் இதுதான்.

முதுகின் பழுப்பைக் கடைசியில் வையுங்கள். ஒளி மாறினால் அதுவும் மாறும்.

என் படத்தில் மேல்வால் பச்சை கலந்து ஆலிவாகத் தெரிகிறது. வடகிழக்குத் துணையினம் வழிதவறி வந்திருக்குமா?

நெல்வயல் வந்திருக்கும். இளம்பயிர் நிற்கும் வயலில், தாழ்வாக அமர்ந்த பறவையின் வயிற்றிலும் வாலடியிலும் பயிரின் பச்சை எதிரொளிக்கும். கேமராவின் தானியங்கி வெண்சமநிலை அந்தப் பச்சையைச் சரிசெய்ய முயன்று, பாதிப் படத்தில் ஆலிவும் மீதிப் படத்தில் இளஞ்சிவப்புமாகக் கொடுக்கும். கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண் வரப்பில் எடுத்தால் இதே பறவை துருப்பிடித்த மாதிரி சிவந்து நிற்கும். மாலை ஐந்தரை மணி வெயில் எல்லாச் சில்லையையும் மஞ்சளாக்கும்.

சோதிக்க எளிய வழி: அதே படத்தில் பறவையின் வயிற்று வெண்மையைப் பாருங்கள். வெண்மையிலும் பச்சையோ மஞ்சளோ ஏறியிருந்தால் மேல்வால் நிறத்தை நம்ப முடியாது. வெண்மை வெண்மையாகவே இருந்து, மேல்வால் மட்டும் ஆலிவாக இருந்தால் மட்டும் அடுத்த படிக்குப் போகலாம். அப்போதும் செதில்கள் தடித்துக் கருத்திருந்தால், முடிவு பங்க்டுலாட்டாதான்.

நம்பகமான படம் எடுப்பது எப்படி?

வெயில் நேராக விழாத, மேகம் மூடிய காலைதான் சிறந்தது. இந்த மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைப்பதால் அப்படிப்பட்ட காலைகளுக்குப் பஞ்சமில்லை. படத்தை ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலக் கோப்பாக) சேமியுங்கள். வெண்சமநிலையைத் தானியங்கியில் விடாமல் 'மேகமூட்டம்' அல்லது 'பகல் ஒளி' என ஒன்றில் நிறுத்துங்கள். 18 விழுக்காடு சாம்பல் அட்டை ஒன்றைப் பறவை அமர்ந்த இடத்தில், அது பறந்த பிறகு, அதே ஒளியில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால் வீட்டில் நிறத்தைச் சரிசெய்ய ஆதாரம் கிடைக்கும். வெள்ளைத் தாள் சாம்பல் அட்டைக்கு மாற்று ஆகாது. தாள்களில் நீலப் பொலிவூட்டி கலந்திருக்கும்.

முகத்தின் கருஞ்செம்மைக்காக ஒளியளவைக் கூட்டினால் விலா வெண்மை வெளுத்துப்போய் செதில் கரைகள் மெலிந்து தெரியும். கிழக்குக் குழு என்று தவறாக நினைக்க அதுவே போதும். ஒளியளவை மூன்றில் ஒரு படி (ஸ்டாப்) முதல் மூன்றில் இரு படி வரை குறைத்தே எடுங்கள். பக்கவாட்டில் ஒன்று, முன்பக்கம் ஒன்று, முதுகும் மேல்வாலும் தெரிய ஒன்று. மூன்றும் ஒரே பறவையாக இருக்க வேண்டும். கூட்டத்தில் பறவை மாறிவிடுவது சாதாரணம், எனவே தொடர் படங்களாகச் சுடுங்கள்.

எப்போது, எங்கே போனால் நன்றாகப் பார்க்கலாம்?

நெல்லின் இரு பருவங்களான கன்னிப்பூ அறுப்புக்கு முந்தைய வாரங்கள் (ஆகஸ்ட், செப்டம்பர்), கும்பப்பூ அறுப்புக்கு முந்தைய வாரங்கள் (ஜனவரி, பிப்ரவரி). கதிர் முற்றும் நேரத்தில் கூட்டம் ஒரே பத்தை (வயல்பரப்பை) சுற்றியே வரும். சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் இரண்டும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்தவை. குளக்கரையிலிருந்தே பார்க்கலாம், வயலில் இறங்க வேண்டியதில்லை. இறங்குவதானால் உடையவரிடம் கேட்டுவிட்டு வரப்பில் மட்டும் நடங்கள்.

உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லாத பழுப்புக் குருவிகள் கூட்டத்தோடு திரிகின்றனவே?

புள்ளிச் சில்லையின் இளம்பறவைகள். மேலே மங்கிய பழுப்பு, கீழே வெளிர் பழுப்பு, செதில் கிடையாது. 'வெளிறிய துணையினம்' என்று அனுப்பப்படும் படங்களில் இவைதான் அதிகம்.

இங்கே கவனமாக இருக்க வேண்டிய வேறொரு குழப்பம் உண்டு. மூவண்ணச் சில்லையின் இளம்பறவையும் புள்ளியற்ற பழுப்புதான், அதுவும் நாணல் நிற்கும் குளங்களில் இதே கூட்டத்தோடு திரியும். வேறுபாடு அலகில்: மூவண்ணத்தின் அலகு நீலச்சாம்பல் சாயலோடு வெளிறியிருக்கும், உடலிலும் இலவங்கப்பட்டைச் சாயல் கூடுதல். புள்ளிச் சில்லைக் குஞ்சின் மேலலகு கருத்திருக்கும். அருகில் பெற்றோர் இரை ஊட்டினால் கேள்விக்கே இடமில்லை.

பாதி மார்பில் மட்டும் செதில் உள்ளவை?

இளமை இறகு உதிர்ந்து முதிர்ந்த இறகு முளைக்கும் நிலை. செதில் திட்டுத் திட்டாக வரும். முகத்தின் செம்மையும் ஒரேயடியாக நிறையாது. இந்த நிலையில் உள்ள பறவையைத் துணையினம் எதிலும் சேர்க்காதீர்கள். 'இறகுதிர்ப்பு' என்று குறித்துவிட்டு அடுத்த பறவைக்குப் போங்கள்.

முதிர்ந்த பறவையிலும் இறகு ஆண்டு முழுதும் ஒரே மாதிரி இருக்காது. புது இறகில் செதில் கரை கருமையாக, விளிம்பு முழுமையாக இருக்கும். மாதக்கணக்கில் புல்லிலும் கதிரிலும் உரசி விளிம்பு தேயும், வெயிலில் கருப்பழுப்பு வெளுத்து வெறும் பழுப்பாகும். இனப்பெருக்கம் முடித்து, இறகு மாற்றும் தறுவாயில் உள்ள தேய்ந்த பறவையையும், புத்தாடை உடுத்த பறவையையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு துணையினம் என்றே தோன்றும். ஒப்பிடுவதானால் ஒரே மாதத்துப் பறவைகளை ஒப்பிடுங்கள்.

ஆண், பெண் வேறுபாடு குழப்புமா?

குழப்பாது. இரண்டும் ஒன்றுபோல. பாடுவது ஆண் மட்டும். அதுவும் பக்கத்தில் நின்றால்தான் கேட்கும்.

மலையில் வெள்ளைப் பிட்டத்தோடு பார்த்தது எது?

வெண்முதுகுச் சில்லை, லோன்சுரா ஸ்ட்ரையாட்டா. 1766இல் லின்னேயஸ் பெயரிட்டது. ரப்பர் தோட்ட ஓரங்கள், காட்டோரப் புதர்கள், மலையடிவாரத் தோப்புகள் இதற்குப் பிடித்த இடம். பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பாதைகளில் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். கரும்பழுப்பு உடல், கூரிய கறுத்த வால், பிட்டத்தில் தூய வெள்ளைப் பட்டை, வெளிர்ந்த வயிறு.

இதில் துணையினம் பார்ப்பது புள்ளிச் சில்லையைவிடச் சுலபம். தீபகற்ப இந்தியாவிலும் இலங்கையிலும் ஸ்ட்ரையாட்டா: தலையும் மார்பும் நன்கு கறுத்தவை, வயிறு கோடில்லாத வெண்மை. வட இந்தியாவிலிருந்து தாய்லாந்து வரை அகூட்டிகௌடா: பழுப்பு கூடுதல், கன்னத்திலும் கழுத்திலும் வெளிர் கீற்றுகள், வயிற்றில் மெல்லிய கோடுகள். அந்தமானில் ஃபூமிகாட்டா, நிக்கோபாரில் செமிஸ்ட்ரையாட்டா. ஆக, இந்திய எல்லைக்குள்ளேயே நான்கு. சீனாவில் வாழும் சுவின்ஹோயைத்தான் மனிதர்கள் பல தலைமுறைகளாகக் கூண்டில் வளர்த்து 'பெங்காலி பிஞ்ச்' என்று கடைகளில் விற்கும் வளர்ப்புப் பறவையாக மாற்றினார்கள். பெயரில் வங்காளம் இருந்தாலும் மூலம் சீனம்.

கருந்தொண்டைச் சில்லையை எப்படிப் பிரிப்பது? இலங்கைப் படத்தோடு என் படம் ஒத்துவரவில்லை.

ஒத்துவராது, அதுதான் சரி. இந்தக் கேள்வியில்தான் நம் மாவட்டத்து மலைகளுக்கு உண்மையான மதிப்பு.

லோன்சுரா கெலார்ட்டி மூன்று துண்டாகப் பிரிந்து வாழ்கிறது. இலங்கை மலைகளில் பெயர்மூலத் துணையினம் கெலார்ட்டி. 1863இல் ஜெர்டன் பெயரிட்டார். இலங்கையில் பிறந்த விலங்கியலாளர் கெலார்ட்டின் நினைவாக. தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஜெர்டோனி, 1874இல் ஹியூம் பெயரிட்டது. அது அந்த ஜெர்டன் பெயரால். கிழக்குத் தொடர்ச்சி மலையில் வெர்னாயி, 1933இல் விஸ்லரும் கின்னியரும் பெயரிட்டது.

இலங்கைப் பறவையின் வயிறு கறுப்பு வெள்ளைச் செதிலாக அழுத்தமாகத் தெரியும். ஜெர்டோனியில் அந்தச் செதிலைத் தேடினால் ஏமாற்றம்தான். முகமும் தொண்டையும் கருமை, அதற்குக் கீழே இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு, ஏறக்குறைய வெறுமையாக. வழிகாட்டி நூலில் இலங்கைப் பறவையின் படம் மட்டும் இருந்தால், நம் மலைப் பறவையை வேறு இனமாக நினைத்துவிடுவது இயல்பு. இலங்கைப் பறவையும் இந்தியப் பறவையும் தனித்தனி இனங்களாகவே இருக்கலாம் என்ற கருத்தும் வகைப்பாட்டாளரிடையே உண்டு. எனவே மாறாமலை, பாலமோர் பக்கத்துக் காட்டோரம், தோட்ட எல்லை, புல்வெளிச் சரிவில் தெளிவான படம் ஒன்று கிடைத்தால், வயலில் எடுத்த நூறு புள்ளிச் சில்லைப் படங்களைவிட அது மேல்.

வெண்முதுகுச் சில்லையோடு குழம்பாமல் இருக்க: கருந்தொண்டையின் பிட்டத்தில் அந்தப் பளிச்சென்ற வெள்ளைப் பட்டை கிடையாது, வயிறும் வெள்ளை அல்ல. பறந்து விலகும்போது வெள்ளை தெரிந்தால் வெண்முதுகு. காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

வெண்தொண்டைச் சில்லையின் துணையினம் என்ன?

அதற்குத் துணையினமே கிடையாது. அரேபியாவின் கரையிலிருந்து இலங்கை வரை ஒரே தோற்றம். வறண்ட திறந்த வெளிப் பறவை. ஆரல்வாய்மொழி பக்கம் எளிதில் காணலாம். பரப்பு பெரிதாக இருந்தால் துணையினமும் நிறைய இருந்தாக வேண்டும் என்று விதி இல்லை. கூட்டங்கள் ஒன்றையொன்று தொடர்ந்து கலந்துகொண்டே இருந்தால் வேறுபாடு நிலைக்காது. தீவுகளில் நிலைமை தலைகீழ்: புள்ளிச் சில்லையின் பதினொன்றில் பெரும்பாலானவை தீவுகளைச் சேர்ந்தவை என்பதைக் கவனியுங்கள்.

மூவண்ணச் சில்லை முன்பு துணையினமாக இருந்ததாமே?

ஒரே இனமாக வைத்திருந்தார்கள். கருந்தலை, வெள்ளை வயிறு, செம்பழுப்பு முதுகு உள்ள நம் பறவை லோன்சுரா மலாக்கா. வடக்கிலும் கிழக்கிலும் வயிறும் செம்பழுப்பாக உள்ள லோன்சுரா அட்ரிகபில்லா இப்போது தனி இனம். பழைய நூல்களில் இரண்டையும் ஒரே பெயரில் பார்ப்பீர்கள். பட்டியல் மாறும்போது உங்கள் பழைய குறிப்பும் கைவிட்டுப் போகாமல் இருக்க, பெயரோடு 'வயிறு வெள்ளை' என்று இரண்டு சொல் எழுதி வைத்திருந்தால் போதும்.

மூன்று சொல் பெயரை எழுதும் முறை என்ன? சில இடத்தில் ஆசிரியர் பெயர் அடைப்புக்குறிக்குள் இருக்கிறது, சில இடத்தில் இல்லை.

பேரினம், இனம், துணையினம் என்ற வரிசை: லோன்சுரா பங்க்டுலாட்டா டோபெலா. இனப் பெயரே மூன்றாம் சொல்லாகத் திரும்ப வந்தால் அது பெயர்மூலத் துணையினம். அந்த இனத்துக்கு முதலில் பெயர் வைத்த பறவை சேர்ந்த கூட்டம் என்று மட்டுமே அதற்குப் பொருள். 'அசல்' என்றோ 'தூய்மையானது' என்றோ 'மூத்தது' என்றோ பொருள் இல்லை.

புள்ளிச் சில்லைக்கு 1758இல் லின்னேயஸ் பெயரிட்டபோது லாக்சியா என்ற பேரினத்தில் வைத்தார். லோன்சுரா என்ற பேரினத்தை சைக்ஸ் உருவாக்கியது 1832இல். முதலில் வைத்த பேரினத்திலிருந்து பறவை இடம் மாறியதால் லின்னேயஸ் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் போகின்றன. முதலிலேயே லோன்சுராவில் வைத்துப் பெயரிடப்பட்ட யுன்னானென்சிஸ் போன்றவற்றுக்கு அடைப்புக்குறி இல்லை. லின்னேயஸ் இந்தப் பெயருக்கு ஆதாரமாகக் கொண்டது 1743இல் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் வரைந்து வெளியிட்ட படம். ஒரு பறவை ஒரு சோழிக்கு விற்றதால் அவர் அதைச் சோழிப் பறவை என்று குறித்திருந்தார். கூண்டு வணிகம் அன்றே தொடங்கிவிட்டது. மூல இடம் பிற்பாடு கல்கத்தா என்று வரையறுக்கப்பட்டது.

எவ்வளவு வேறுபாடு இருந்தால் புதுத் துணையினம் என்று ஏற்பார்கள்?

1949இல் டீன் அமடான் விளக்கிய 75 விழுக்காட்டு விதி பழகிய அளவுகோல். ஒரு கூட்டத்தின் பறவைகளில் குறைந்தது 75 விழுக்காடாவது மற்றக் கூட்டத்தின் ஏறக்குறைய எல்லாப் பறவைகளிலிருந்தும் பிரித்தறியத் தக்கவையாக இருக்க வேண்டும். சராசரியில் வேறுபாடு மட்டும் போதாது. ஓர் ஊர்ப் பறவைகளின் இறக்கை சராசரியில் 1 மி.மீ. நீளம் என்று கணக்கு காட்டினாலும், தனித்தனிப் பறவைகளை எடுத்தால் பாதிக்கு மேல் இரண்டு கூட்டத்திலும் பொருந்துமானால், துணையினம் இல்லை.

வேறுபாடு சீராக மாறிக்கொண்டே போனாலும் சிக்கல். ஈரமான நிலத்தில் கருமை கூடும், வறண்ட நிலத்தில் வெளிறும் என்பது குளோகர் 1833இல் சொன்ன விதி. வறண்ட ஆரல்வாய்மொழியிலிருந்து மழை மிகுந்த குலசேகரம் வரை ஒரு நாளில் போய்வரலாம். அந்த மாற்றத்தோடு நிறமும் கொஞ்சம் கொஞ்சமாக மாறினால் எந்த இடத்தில் கோடு கிழிப்பது? இப்படிச் சரிவாக மாறும் வேறுபாட்டுக்குப் பெயர் சூட்டாமல் 'சரிவு' என்றே விடுவது நேர்மை. புள்ளிச் சில்லையின் பெருநிலத் துணையினங்கள் சிலவற்றின் எல்லைகளில் இந்தப் பிரச்சினை இருக்கிறது.

பிடித்து அளந்தால் தெரிந்துவிடுமா?

முதலில் சட்டம்: வலை வைத்துப் பிடித்து வளையமிட வனத்துறையின் எழுத்து அனுமதி கட்டாயம். பயிற்சி பெற்றவர் மட்டும் செய்ய வேண்டிய வேலை.

அளக்கும் முறை வேறுபட்டால் எண்கள் ஒப்பிட உதவாது. இறக்கையை மடித்த நிலையில், தட்டையாக அழுத்தி, நேராக்கி, முனைத்தடுப்பு உள்ள அளவுகோலில் 0.5 மி.மீ. வரை படிக்க வேண்டும். அழுத்தாமல் இயல்பு வளைவோடு அளந்தால் எண் குறைந்துவிடும். கணுக்காலும் அலகும் வெர்னியர் காலிப்பரில் 0.1 மி.மீ. வரை. அலகை மண்டையோட்டிலிருந்தா, இறகு தொடங்கும் இடத்திலிருந்தா என்று எழுதாவிட்டால் அந்த எண் வீண். ஒரு பறவையை இருவர் தனித்தனியே அளந்து பார்த்தால் அளப்பவர் பிழை எவ்வளவு என்று புரியும். சில நேரம் அது துணையின வேறுபாட்டைவிடப் பெரிதாக இருக்கும். அருங்காட்சியகத்தில் உலர்ந்த தோலில் இறக்கை சற்றுச் சுருங்கியிருக்கும், அதை உயிர்ப் பறவையின் அளவோடு நேராக ஒப்பிடக் கூடாது. பழைய தோல்களில் நிறமும் நம்பிக்கைக்குரியது அல்ல: பழுப்பு நாளாக நாளாகச் செம்மை ஏறும். நூறாண்டுத் தோலையும் நேற்றைய படத்தையும் வைத்து 'இந்தப் பகுதிப் பறவை சிவப்பு' என்று முடிவு கட்டிய விளக்கங்களை ஐயத்தோடுதான் படிக்க வேண்டும்.

மரபணு ஆய்வு செய்தால் சண்டை தீருமே?

லோன்சுராவில் அவ்வளவு எளிதில் தீராது. இந்தப் பேரினத்தில் தோற்றம் விரைவாக மாறுகிறது, மரபணுத் தொகுதி மெதுவாகத்தான் பின்தொடர்கிறது. நியூகினி, ஆஸ்திரேலியச் சில்லை இனங்கள் மீது 2017இல் வெளியான ஆய்வில், பார்வைக்கு முற்றிலும் வேறான இனங்களுக்கிடையே மரபணுத் தொகுதியின் பெரும்பகுதி ஒன்றாகவே இருந்தது. தெளிவான வேறுபாடு சில இடங்களில் மட்டும், அவற்றில் நிறமியோடு தொடர்புள்ள மரபணுக்கள். தனி இனங்களிலேயே இப்படி என்றால், ஒரே ஒரு மைட்டோகாண்டிரிய மரபணுவைப் படித்துவிட்டு 'துணையினம் இல்லை' என்றோ 'உண்டு' என்றோ சொல்வது அவசரம்.

இ-பேர்டில் (பறவைப் பதிவுகளுக்கான இணையத் தளம்) எப்படிப் பதிவது?

இனப் பெயரே போதுமானது. செயலியில் துணையினங்களைக் காட்டும் விருப்பத்தைத் திறந்தால் புள்ளிச் சில்லைக்கு இரண்டு தேர்வுகள் வரும்: கட்டம் போட்டது (நம் பங்க்டுலாட்டா), செதில் போட்டது (மற்றவை). முதிர்ந்த பறவையின் விலாவை நீங்களே தெளிவாகப் பார்த்திருந்தால் முதலாவதைத் தேர்ந்தெடுத்து, குறிப்பில் 'விலாக்கட்டம் தடித்தது, கருப்பழுப்பு, மேல்வால் மஞ்சள், முதிர்ந்தவை 12, இளையவை 30' என்ற பாணியில் எழுதுங்கள். தூரத்தில் பறந்த கூட்டமா, வெறும் இனப் பெயரில் விடுங்கள். படம் ஏற்றும்போது முதிர்ந்த பறவையின் பக்கவாட்டுப் படத்தை முதலில் வையுங்கள்.

உண்மையிலேயே மெல்லிய செதில் உள்ள, ஆலிவ் மேல்வால் கொண்ட பறவையைப் பார்த்துவிட்டால்?

நல்ல ஒளியில், முதிர்ந்த, புது இறகுள்ள பறவைதான் என்று உறுதியானால், அடுத்த ஐயம் கூண்டு. வாலும் இறக்கை முனையும் ஒடிந்து சிராய்த்திருக்கிறதா, நகம் அளவுக்கு மீறி வளர்ந்திருக்கிறதா, அலகடியில் இறகு உதிர்ந்திருக்கிறதா, ஆளைக் கண்டு விலகாமல் நிற்கிறதா, காலில் வளையம் உண்டா என்று பாருங்கள். சாயம் பூசிய சில்லைகளும் சந்தைக்கு வருவதுண்டு. மழையில் நனைந்த பின் பாதி வெளுத்த பச்சையோ சிவப்போ விசித்திரமான 'துணையினங்களை' உருவாக்கும். சாயம் என்றால் இறகின் நடுத்தண்டிலும், சில நேரம் அலகிலும் காலிலும்கூட நிறம் ஒட்டியிருக்கும்.

இந்தியாவின் காட்டுச் சில்லைகளைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 'தப்பி வந்தது போலிருக்கிறது' என்று நீங்கள் பிடித்துக் கூண்டில் வைத்தாலும் அதே கதைதான். படம், தேதி, இடம் மூன்றையும் குறித்துக்கொண்டு, விற்பனை நடப்பதைக் கண்டால் மாவட்ட வன அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.